கொப்பறாவும் புகையும்: பதப்படுத்தும்போது பிறக்கும் நஞ்சுகள்

உணவிலுள்ள நஞ்சினைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வகையையே கருதுவர். ஒன்று, இயற்கையாகவே பொருளில் அமைந்திருப்பது. மரவள்ளிக்கிழங்கிலுள்ள சயனைட்டுச் சேர்வைகள் இதற்கு எடுத்துக்காட்டாகும். மற்றையது, பேராசை கொண்ட வணிகனாலோ கவனமற்ற கமக்காரனாலோ வெளியிலிருந்து வந்து சேர்வது. கலப்படச் சாயமும் பூச்சிகொல்லியின் எச்சமும் இவ்வகைப்படும். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையொன்றும் உண்டு. மூலப்பொருளில் அது இல்லை. எவரும் அதனைக் கொண்டுவந்து கலப்பதுமில்லை. உணவை உலர்த்தும், புகையூட்டும், வறுக்கும், சுத்திகரிக்கும் தொழிலே அதனைப் பிறப்பிக்கின்றது. தொழில் செய்பவன் நல்லவனாயிருக்கலாம். அவன் கையிலெடுத்த பொருளும் தூயதாயிருக்கலாம். ஆயினும் வெப்பமும் காலமும் ஈரமும் தத்தம் வேலையைச் செய்துவிடுகின்றன.

இம்மூன்றாம் வகையை விளக்குவதற்கு மேனாட்டு ஆலைகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. புத்தளத்திலிருந்து தெற்கே முந்தல், சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ எனச் செல்லும் கரையோரப் பகுதி, குருநாகலையும் கம்பகாவையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் எனப் பெயர்பெற்ற நிலத்தின் மேற்குப் பக்கமாகும். இங்குத் தென்னையையன்றி வாழ்வில்லை என்று சொல்லுமளவுக்குக் குடிகள் தென்னையை நம்பியிருக்கின்றனர். கோயிலில் உடைப்பதும், கறியிற் பிழிவதும், விளக்கில் வார்ப்பதும், தலையிற் பூசுவதும் அதுவே. அத்தேங்காய் எண்ணெயாக மாறும் வழியிலே, மேற்சொன்ன மூன்றாம் வகை நஞ்சு தோன்றக்கூடிய இடங்கள் மூன்று உள. அவற்றுள் ஒன்றை அடைக்கப் புகுந்தால் மற்றொன்று திறந்துகொள்கின்றது என்பதே இப்பாடத்தின் சாரமாகும்.

முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறத்தாழச் சரிபாதி நீர். எண்ணெய் ஆட்டுதற்கும் சேமித்தற்கும் ஏற்ற கொப்பறாவில் நீர் நூற்றுக்கு ஆறு பங்கிற்கு மேற்படலாகாது. ஆகவே கொப்பறா செய்தல் என்பது நீர்நீக்கலேயன்றி வேறில்லை. எளிய காரியம் போலத் தோன்றும் இதில் நேரமே பெரும் பகையாக நிற்கின்றது. உடைத்த தேங்காய் இனிப்பும் புரதமும் நீரும் நிறைந்த பண்டம். இருபத்தைந்து முதல் முப்பது பாகை வரையுள்ள நம் கரையோரத்து வெப்பத்தில் அதன்மேல் பற்றீரியாவும் பங்கசும் சில மணித்தியாலத்துள் குடியேறிவிடும். இதனாற்றான் முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் நீரளவை ஐம்பதிலிருந்து முப்பத்தைந்து வீதத்துக்கும், அடுத்த நாளில் இருபதுக்கும், மூன்றாம் நாளில் ஐந்தாறுக்கும் இறக்கவேண்டுமென்று இத்தொழிலைக் கற்றோர் விதித்தனர். வெயிலில் மட்டும் உலர்த்துவதாயின் நல்ல பருவத்திலேயே ஐந்து முதல் ஏழு நாள் செல்லும். ஐப்பசி கார்த்திகை மழையிடையே அகப்பட்டுக்கொண்டால் கணக்கே இல்லை. பகலில் விரித்து இரவில் குவித்து மூடிய கொப்பறாவின் உட்பக்கத்தில் பூத்திருக்கும் மஞ்சட்பச்சை நிறத் தூளை இப்பகுதியார் அறியாதிருக்க நியாயமில்லை. அதுவே அசுப்பேசிலசு பிளேவசு என்னும் பங்கசின் வித்திகள்.

இப்பங்கசின் தீமையை உலகம் அறிந்த வரலாறு வியப்புக்குரியது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளிலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் ஈரல் கெட்டு மடிந்தன. நோய் இன்னதென்று அறியாமையால் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டனர். கிருமியைத் தேடியவர்கள் ஒன்றையும் காணவில்லை. இறுதியிற் பழி தீவனத்தின்மேல் விழுந்தது. பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கு அது. அதில் வளர்ந்திருந்த அசுப்பேசிலசு பிளேவசு சுரந்த பொருளுக்கு, அப்பங்கசின் பெயரையே குறுக்கி அஃபிளாடொக்சின் எனப் பெயர் வைத்தனர். புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே சில நீல நிறமாகவும் சில பச்சை நிறமாகவும் ஒளிர்ந்தமையால், ஆங்கிலத்தில் அந்நிறங்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு பி எனவும் ஜி எனவும் வகுத்தனர். அவற்றுள் பி1 என்பது ஈரற் புற்றுநோயை உண்டாக்குவதில் மிகக் கொடியது. ஈரலழற்சி பி வைரசு உடலில் உள்ளவர்க்கு அது தரும் ஆபத்துப் பன்மடங்காகின்றது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியான முதலாம் தொகுதியில் வைத்துள்ளது.

நூல்வழி நின்று வகுப்போர் அஃபிளாடொக்சினைப் பங்கசு நஞ்சு என்று தனியே வைப்பர். பதப்படுத்தலில் பிறக்கும் இரசாயனங்களோடு சேர்க்கமாட்டார். எனினும் கொப்பறாவைப் பொறுத்தமட்டில் அந்த வேறுபாடு பெயரளவினதே. மரத்திலிருந்து இறங்கிய தேங்காயில் அது கிடையாது. உலர்த்தும் விரைவே அது உண்டாவதையும் உண்டாகாமையையும் தீர்மானிக்கின்றது.

எண்ணெயை ஆட்டி எடுக்கும்போது இந்நஞ்சில் ஒரு பங்கே எண்ணெயோடு வரும். பெரும்பங்கு புண்ணாக்கிலே தங்கிவிடும். எனவே எண்ணெய் உண்பவரினும் புண்ணாக்குத் தின்னும் மாடே முதலில் வருந்துவது. அம்மாட்டின் பாலில் எம்1 என்ற மற்றொரு வடிவில் அது வெளிப்படும். வடிக்கப்படாத கலங்கல் எண்ணெயில் மிதக்கும் துகள்களும் நஞ்சைச் சுமந்து வருவன. இலங்கையில் இவ்விடயத்தை ஆராய்ந்தோருள் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். என். அர்சகுலரத்ன, உபாலி சமரஜீவ ஆகியோர் முன்னிற்பவர். தேங்காயெண்ணெயை மெல்லிய படையாகச் சூரிய ஒளியிற் பரப்பினால் அஃபிளாடொக்சின் சிதைவுறுகின்றது என்பதை அவர்கள் ஆராய்ந்து, 1980களில் அதற்கான சிறு மாதிரி ஆலையொன்றையும் அமைத்துப் பார்த்தனர். நம் நாட்டில் விலையின்றிக் கிடைக்கும் வெயிலை மருந்தாக்கிய அம்முயற்சி தொழிலில் பரவாமற் போனது கவலைக்குரியதே.

2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்துக்கு நாடு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃபிளாடொக்சின் அளவுக்கு மிஞ்சியிருப்பது சோதனையில் வெளிப்பட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முடிவைத் தொடர்ந்து அவ்வெண்ணெயை வந்தவழியே திருப்பியனுப்புமாறு கட்டளை பிறந்தது. நமது மாவட்டத்துத் தங்கொட்டுவவிலும் எண்ணெய் ஏற்றிய தாங்கி வண்டிகள் பொலிசாரால் தடுத்து வைக்கப்பட்டன. அந்நாளில் வீடுகளில் எழுந்த அச்சத்தைப் பலர் மறந்திரார். எண்ணெயிலே யாரோ விசத்தைக் கலந்துவிட்டனர் என்றே பொதுமக்கள் பேசிக்கொண்டனர். கலப்படக்காரனைப் பிடித்தால் நஞ்சு ஒழிந்துவிடும் என்ற நினைப்பு ஆறுதலானது; ஆனால் உண்மைக்குப் புறம்பானது. எந்நாட்டுக் கொப்பறாவாயினும் மூன்று நாளில் உலரவேண்டியது ஏழு நாள் ஈரமாய்க் கிடந்தால், கலப்பவன் ஒருவனும் இன்றியே அந்நஞ்சு அதில் உருவாகும். உள்ளூர் எண்ணெய் என்று போத்தலில் ஒட்டிய சீட்டு அப்பங்கசுக்கு எழுத்துவாசனை அற்ற ஒரு காகிதமே.

வெயிலை நம்ப முடியாதபோது நெருப்பை நாடுவது இயல்பு. இங்கேதான் இரண்டாவது வாயில் திறக்கின்றது.

நெருப்பின் புகை உடலுக்குத் தீது என்பதை முதன்முதலாக மருத்துவ முறையில் எடுத்துரைத்தவர் இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொற். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்க்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணமென்று 1775இல் அவர் எழுதினார். 1915இல் யப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை விடாது பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். தாரிலுள்ள எப்பொருள் அதற்குக் காரணம் என்ற வினா எஞ்சியது. இலண்டனில் குக், ஹியுவெற், ஹீகர் என்னும் மூவர் இரண்டு தொன் நிலக்கரிப் பிசினைப் படிப்படியாகப் பிரித்துச் சென்று, 1933இல் பென்சோபைரீன் என்ற மஞ்சள் நிறப் பளிங்கைப் பெற்றனர். இரசாயன வரலாற்றில் பொறுமைக்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

பென்சோபைரீனின் மூலக்கூறு இருபது காபன் அணுக்களும் பன்னிரண்டு ஐதரசன் அணுக்களும் கொண்டது. ஐந்து வளையங்கள் ஒட்டித் தட்டையாகக் கிடப்பது. விறகும் மட்டையும் போதிய ஒட்சிசன் இன்றிப் புகைந்து எரியும்போது அவற்றின் செலுலோசும் இலிக்னினும் சிறு சிறு காபன் துண்டங்களாகச் சிதறும். காற்று நிறைய இருப்பின் அத்துண்டங்கள் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் முடிந்துவிடும். காற்றுக் குறைந்தால் அவை தம்முள் இணைந்து வளையங்களாகும். வளையத்தோடு வளையம் சேரும். இவ்வாறு பிறக்கும் பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. பென்சோபைரீன் அக்கூட்டத்தின் பெயர்போன உறுப்பினன் மாத்திரமே. உடலினுட் புகுந்தபின் நமது ஈரல் அதனை வெளியேற்றுவதற்காக ஒட்சியேற்றுகின்றது. அவ்வாறு மாறிய வடிவமே பாரம்பரியத்தைத் தாங்கும் டீ.என்.ஏ. மூலக்கூற்றில் ஒட்டிக்கொண்டு கேடு விளைக்கின்றது. காக்கவந்த உறுப்பே படைக்கலத்தைத் தீட்டிக் கொடுப்பது போன்ற நிலை.

இச்சேர்வைகள் நீரிற் கரையா. கொழுப்பில் நன்கு கரைவன. கொப்பறாவிலோ நூற்றுக்கு அறுபத்துமூன்று முதல் அறுபத்தைந்து பங்கு எண்ணெய் உண்டு. புகை நடுவே மூன்று நாள் கிடக்கும் கொப்பறா அப்புகையின் தீமையைத் துணி சாயத்தை ஏற்பதுபோல் ஏற்றுக்கொள்வதில் வியப்பில்லை. புகையூட்டிய மீனில் தோலை உரித்து வீசினால் ஓரளவு நஞ்சு தொலையும். கொப்பறாவை ஆட்டும்போது வீசத்தக்க தோல் ஏதுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் நேரே உண்ணும் எண்ணெயில் பென்சோபைரீன் கிலோகிராமொன்றுக்கு 2 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாதென விதித்துள்ளது. இவ்வளவின் நுட்பத்தை மாணவர் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்: 500 மெற்றிக்தொன் எண்ணெயில் ஒரேயொரு கிராம். இனத்தில் நான்கைக் கூட்டி எடுக்கும் மொத்த அளவு ஏனைய எண்ணெய்களுக்கு 10 மைக்கிரோகிராம். தேங்காயெண்ணெய்க்கு மாத்திரம் அது 20 எனத் தளர்த்தப்பட்டிருக்கின்றது. காரணம், தேங்காயெண்ணெயில் அவ்வினத்துள் சில ஒப்பளவில் மிகுந்து காணப்படுவதும், அவற்றைச் சுத்திகரிப்பில் நீக்குதல் கடினமாயிருப்பதுமாகும். வெப்பவலயக் குடியானவனின் சூளைப்புகை பிரசல்சு நகரத்துச் சட்டப் புத்தகத்தில் இவ்வாறு ஒரு தனி வரி பெற்றிருக்கின்றது.

ஆயினும் நெருப்பு வேறு, புகை வேறு. இதனை நம் முன்னையோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இலங்கைச் சூளை என்று உலகெங்கும் பெயர்பெற்ற கொப்பறாச் சூளையே சான்று. நிலத்தளத்தில் நெருப்பு, அதற்கு மேலே ஆள் உயரத்தில் கமுகஞ்சலாகையோ தென்னஞ்சலாகையோ பரப்பிய தட்டு, தட்டின்மேல் உடைத்த தேங்காய். இதுவரையில் புதுமையில்லை. புதுமை விறகிலே உள்ளது. பாதிச் சிரட்டைகளை ஒன்றனுள் ஒன்று செருகி நீண்ட வரிசைகளாகத் தரையில் அடுக்கி, ஒவ்வொரு வரிசையின் ஒரு நுனியில் மட்டும் தீ வைப்பர். தீ சிரட்டையிலிருந்து சிரட்டைக்கு ஊர்ந்து செல்ல நாலைந்து மணித்தியாலமாகும். சிரட்டை மிகவும் உலர்ந்த, அடர்த்தியான பொருள். சிறு சிறு அளவில், சூழக் காற்றுப்பட எரிவதால் புகை குறைவு. வெப்பம் மட்டாகவும் சீராகவும் மேலெழும். யாரும் விழித்திருந்து விறகு தள்ளவேண்டியதில்லை. எரித்ததுபோக மிஞ்சும் சிரட்டை கரிக்கு விலைபோகும். இம்முறையிற் செய்த வெண்கொப்பறாவுக்கு வெளிநாட்டுச் சந்தையிலே தனி மதிப்பு இருந்ததும் இதனாலேயே.

இத்தொழிலை ஆராய்வதற்கான நிலையமும் நமது மாவட்டத்திலேயே உள்ளது. லுணுவிலவில் பண்டிரிப்புவத் தோட்டத்தில் அமைந்த தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929இல் தென்னை ஆராய்ச்சித் திட்டம் என்ற பெயரோடு தொடங்கியது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் பணிப்பாளராயிருந்த இரசாயனவியலாளர் றெஜினோல்ட் சைல்ட் 1964இல் வெளியிட்ட ‘கோக்கனற்ஸ்’ என்னும் நூல் இன்றும் இத்துறையில் முதனூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. நம் மாணவருள் விஞ்ஞானம் கற்போர் ஒரு முறையாயினும் லுணுவிலவுக்குச் சென்று வருதல் நன்று. கொழும்புப் பொருட்காட்சிகளுக்குச் செலவிடும் பயணப்பணத்திற் பாதியே போதும்.

முறை இவ்வளவு நன்கு தெரிந்திருக்கவும் சிரட்டைக்குப் பதிலாக ஈரமட்டையும் பொச்சும் பச்சை விறகும் சூளைக்குள் போவதேன்? சிரட்டையின் விலை ஏறியதே முதற் காரணம். சிரட்டைக் கரியும் அதிலிருந்து செய்யும் செயலூட்டிய கரியும் ஏற்றுமதிப் பண்டங்களானபின், ஒவ்வொரு சிரட்டையும் எரிக்கத் தகாத பணமாயிற்று. இதிலொரு வினோதமும் உண்டு. எண்ணெயிலிருந்து பென்சோபைரீன் போன்ற கனத்த வளையச் சேர்வைகளை நீக்குவதற்குச் சிறந்த பொருள் அச்செயலூட்டிய கரியே. சிரட்டையை விற்றுவிட்டு மட்டையை எரிக்கிறோம். மட்டைப்புகை ஏறிய எண்ணெயைத் தூய்மைசெய்யக் கரியை விலைகொடுத்து வாங்குகிறோம்.

இரண்டாம் காரணம் நிறை. கொப்பறா விலை கண்டிக் கணக்கிற் பேசப்படுவது. ஒரு கண்டி 560 இறாத்தல், ஏறத்தாழ 254 கிலோகிராம். ஆறு வீத நீர் கொண்ட ஒரு கண்டிக் கொப்பறாவைப் பத்து வீத ஈரத்தோடு நிறுத்திவிட்டால் அதன் நிறை 265 கிலோகிராம் ஆகும். பதினொரு கிலோகிராம் நீர் கொப்பறா விலையில் விற்பனையாகும். விறகும் ஒருநாட் கூலியும் மிச்சம். நீரை அளந்து விலை குறைக்கும் கொள்வனவாளன் இல்லாவிடத்தில், கடைசி நான்கு வீதத்தை நீக்கும் சூளைக்காரன் தன் நேர்மைக்குத் தானே தண்டம் கட்டுகின்றான். அக்கடைசி நான்கு வீதமே பங்கசுக்கு வாழ்வளிப்பது. மங்கிய நிறத்தை மறைக்கக் கந்தகப் புகை காட்டி வெளுக்கச்செய்யும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. அது பங்கசை ஓரளவு தடுக்குமேனும், முன்னரே உண்டாகிவிட்ட அஃபிளாடொக்சினை அகற்றாது. வெண்மையே தூய்மை என்று நம்பும் கண்ணையே அது ஏமாற்றுவது. சிறு சூளைக்காரரைக் குறைகூறுதல் எளிது. விலைப்பட்டியலை எழுதுவோரைக் குறைகூறுதலே நியாயம் என்பது என் கருத்து.

இவ்விரு குறைகளையும் ஆலைச் சுத்திகரிப்புத் தீர்த்துவைக்கும் என்று எண்ணலாம். பெரும்பாலும் தீர்க்கவும் செய்கின்றது. காரநீரால் எண்ணெயைக் கழுவினால் அஃபிளாடொக்சினின் ஒரு வளையம் திறந்து அது நீரோடு போய்விடும். செயலூட்டிய கரி கனத்த ஐதரோகாபன்களைப் பற்றிக்கொள்ளும். பின்னர் வெற்றிடத்தில் இருநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கொதிநீராவியைச் செலுத்தினால் இலகுவான ஐதரோகாபன்களும் கெட்ட மணமும் வெளியேறும். நிறமும் மணமும் சுவையும் அற்ற எண்ணெய் கிடைக்கும். மூன்றாவது வாயில் திறப்பது அந்த மணநீக்கற் கலத்தினுள்ளேயே.

அவ்வெப்பத்தில் எண்ணெயிலுள்ள கிளிசரைட்டுக்கள் அற்ப அளவாக ஒட்டிநிற்கும் குளோரைட்டுக்களுடன் தாக்கமுற்று, மூன்று-குளோரோபுரோப்பேன்டையோல் என்பதன் எசுத்தர்களைத் தோற்றுவிக்கின்றன. தனிக் குளோரோபுரோப்பேன்டையோலை அமிலத்தாற் சிதைத்த தாவரப் புரதத்தில் 1978இல் பிராகு நகரத்து வெலீசெக்கும் அவர் கூட்டாளிகளும் கண்டனர். சுத்திகரித்த எண்ணெய்களில் அதன் எசுத்தர்கள் நிரம்ப இருப்பது இந்நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. வெப்பம் இருநூற்று முப்பது பாகையைக் கடக்குமாயின் கிளிசிடைல் எசுத்தர் என்ற மற்றொன்றும் விரைந்து பெருகும். அது உடலினுள் கிளிசிடோலாக மாறுவது. கிளிசிடோல் புற்றுநோய் விளைக்கக்கூடும் என ஐயுறப்படுவது. யப்பானில் உடல்நலத்துக்கு உகந்ததென்று விளம்பரஞ்செய்யப்பட்ட ஒரு சமையலெண்ணெய் இக்காரணத்தால் 2009இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவில் 2021 தொடக்கம் தேங்காயெண்ணெய்க்குக் குளோரோபுரோப்பேன்டையோல் வகை கிலோகிராமுக்கு 1250 மைக்கிரோகிராம், கிளிசிடோல் வகை 1000 மைக்கிரோகிராம் என எல்லை வகுக்கப்பட்டுள்ளது. இதனைத் தணிக்கும் வழி கடினமன்று: முதலில் எண்ணெயை நீராற் கழுவிக் குளோரைட்டை அகற்றுதலும், மணநீக்கும் வெப்பத்தைக் குறைத்தலும் ஆகும். ஆயின் வெப்பத்தைக் குறைத்து மணம் போகவேண்டுமானால் தொடக்கத்திலேயே மணங்கெடாத, அஃதாவது நன்கு உலர்ந்த, புகைபடாத கொப்பறா வேண்டும். சுற்றிச் சுற்றிச் சூளையடிக்கே வந்து நிற்கின்றோம்.

இம்மூன்று வாயிலையும் தொடாது செல்லும் எண்ணெயொன்று நம் வீடுகளில் இருந்தது. தேங்காயைத் துருவிப் பிழிந்து பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயைச் சொல்கின்றேன். உடைத்த அன்றே வேலை முடிந்துவிடுவதால் பங்கசுக்கு நேரமில்லை. பால் புகையிற் கிடப்பதில்லை. நீர் வற்றும்வரை சட்டியின் வெப்பம் நூறு பாகையை ஒட்டியே நிற்கும். இறுதியில் அடியிலே பொன்னிறமாகும் கக்கலின் நறுமணம், 1912இல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கிய சீனி-அமினோவமிலத் தாக்கத்தால் வருவது. அதே தாக்கம் மாப்பொருள் நிறைந்த உருளைக்கிழங்கை நூற்றிருபது பாகைக்கு மேல் பொரிக்கும்போது அக்கிரிலமைட்டு என்ற வேண்டாப் பொருளையும் தருவதாகும். 2002இல் சுவீடன் நாட்டு உணவு அதிகாரிகள் அதனை வெளியிட்டபோது உலகமே திடுக்கிட்டது. மணமும் நஞ்சும் ஒரே தாக்கத்தின் இரு கிளைகள். உருக்கெண்ணெய் எடுக்க நிறையத் தேங்காய் வேண்டும்; நிறையப் பொறுமையும் வேண்டும். ஊருக்கெல்லாம் அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரையுள்ள வாடிகளிற் காயும் கருவாட்டிலும் இதே காலக்கணக்கு உண்டு. சூரை போன்ற மீனைப் பிடித்தபின் வெயிலிற் கிடத்தி, பிற்பாடு உப்பிட்டால், அதன் இசுற்றிடீன் என்னும் அமினோவமிலத்தைப் பற்றீரியா இசுற்றமீனாக்கிவிடும். கறியாகக் கொதித்தாலும் அது அழியாது. முகஞ்சிவந்து உடல் தடித்து அரிப்பெடுப்போர் மீன் ஒவ்வாமை என்று எண்ணிக்கொள்வர். மீன் குற்றமற்றது, பனிக்கட்டி வைக்காத அந்த நாலைந்து மணித்தியாலமே குற்றவாளி.

இத்தகைய கேடுகளைத் திருத்தும் ஆற்றல் நம் தொழிலுக்கு இல்லையென்று சொல்வார்க்கு ஒரு முன்னிகழ்ச்சியை நினைவூட்டலாம். 1950களில் இலங்கை உலர்தேங்காய்த்துருவலில் சல்மொனெல்லாக் கிருமிகள் இருப்பதாக அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கண்டறிந்தனர். உண்டோர் சிலர்க்கு நோயும் வந்தது. அது கிருமிக்கேடு, இங்கு பேசிய இரசாயனக்கேடன்று. எனினும் அதனை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. துருவுமுன் பருப்பைக் கொதிநீரில் அமிழ்த்தல், ஆலை நீருக்குக் குளோரினிடல், ஆலைகளைப் பதிந்து மேற்பார்வை செய்தல், ஏற்றுமதிக்கு முன் பரிசோதித்தல் என ஒழுங்குகள் வந்தன. சந்தை மீண்டது. வெளிநாட்டவன் உண்பதற்கு அத்தனை சோதனை செய்த கைகள் சிலாபத்துச் சந்தையில் வாங்கும் தாய்மார் உண்பதற்கும் அதனைச் செய்தல் கூடாத காரியமன்று.

சூளையில் அளக்கவேண்டிய முதற்பொருள் ஈரம். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை; நம் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திலேயே உயர்தர மாணவர் செய்துபார்க்கலாம். வீட்டுக்கு அருகிலுள்ள சூளையிலிருந்தோ கடையிலிருந்தோ கொப்பறாத் துண்டொன்றை மூடிய போத்தலிற் கொண்டுவருக. நுண்ணியதாகச் சீவி, சரியாக 10 கிராம் நிறுத்து, நிறையறிந்த கிண்ணத்திலிட்டு, 105 பாகை வெப்பமுள்ள கனலடுப்பில் வைக்க. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்து, ஈரமுறிஞ்சியில் ஆறவைத்து நிறுக்க. அடுத்தடுத்த இரு நிறைகள் ஒத்திருக்கும்வரை இதனைத் தொடர்க. கிண்ணம் நீங்கிய நிறை 9.4 கிராமோ அதற்கு மேலோ இருப்பின் அக்கொப்பறா ஆறு வீதத்துள் உலர்ந்தது. அதற்குக் கீழ் இறங்கினால் இன்னும் ஒரு வரிசைச் சிரட்டை எரிந்திருக்கவேண்டும்.